சித்திரையில் இலை உதிரும் ஊர்

சித்திரை மாதத்தில் எங்கள் வீட்டு வாசலில் இலை கொட்டுகிறது என்று சொன்னால் கனடாவில் இருக்கும் என் தங்கை இன்றைக்கும் சிரிப்பாள். "அக்கா, நீ உலகத்தைத் தலைகீழாப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்" என்பாள். அவளுக்கு அப்போதுதான் பனி உருகி முற்றத்தில் புல் தெரியத் தொடங்கியிருக்கும். எனக்கு இங்கே ஒக்லாந்தில் பிள்ளைகளின் கம்பளிச் சட்டைகளைப் பெட்டிக்குள்ளிருந்து எடுக்கும் நேரம். அம்மா கிளிநொச்சியில். அங்கே வெயில் கொளுத்தும். மூன்று பேரும் ஒன்றாக வட்ஸ்அப்பில் கதைத்தால் மூன்று விதமான காலநிலை, ஆனால் ஒரே வருடப்பிறப்பு.

இதைப்பற்றி எழுதவேண்டும் என்று கனநாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத வைத்தது ஒரு பிறந்தநாள் வீட்டில் நடந்த வாக்குவாதம்.

2025 சித்திரையில் சண்ட்றிங்காமில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தோம். ஈஸ்ரர் கிட்ட வந்துகொண்டிருந்த நேரம். பிள்ளைகள் எல்லோரும் சொக்லேற் முட்டையைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே இருந்த ஒரு அண்ணைக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்கடை வருசப்பிறப்பு எப்ப எண்டு இதுகளிட்டைக் கேட்டுப் பாருங்கோ, ஒண்டுக்கும் தெரியாது. முயல் எப்பிடி முட்டை போடும் எண்டு மட்டும் தெரியும்" என்றார். உடனே இன்னொருவர், "அண்ணை, அதுகள் கிவிப் பிள்ளையள். நாங்கள் பட்டதை, நாங்கள் கொண்டாடினதை அதுகளின்ரை தலையிலை ஏன் ஏத்துவான்?" என்றார். இரண்டு பக்கமும் ஆட்கள் சேர்ந்தார்கள். சாப்பாடு ஆறிப்போனது.

நான் அங்கே வாயைத் திறக்கவில்லை. பிறந்தநாள் வீட்டில் சண்டை பிடிப்பது எனக்குப் பிடிக்காது. அதனால் இங்கே சொல்கிறேன். அந்த இருவர் சொன்னதிலும் ஒரு பொதுவான பிழை இருக்கிறது என்பது என் எண்ணம். பிள்ளைகளுக்கு எந்தப் பெருநாளைக் கொடுப்பது என்று இருவரும் கதைத்தார்கள். அந்தப் பெருநாள் ஏன் வந்தது என்று இருவரும் கதைக்கவில்லை.

முதலில் என்னுடைய முதலாவது இலையுதிர் காலத்தைச் சொல்லவேண்டும்.

நாங்கள் மலேசியாவில் சில வருடம் அலைந்துவிட்டு 2014 ஆம் ஆண்டு மே மாதம் இங்கே வந்து இறங்கினோம். அந்தக் காலத்தில் நியூசிலாந்து அரசு எடுக்கும் அகதிகள் எல்லோரும் முதல் ஆறு கிழமை ஒக்லாந்தின் மாங்கரே பகுதியிலுள்ள அகதிகள் நிலையத்தில் தங்கவேண்டும். அங்கே தங்கியிருந்த நாட்களில் ஒருநாள் காலை பஸ்ஸில் போகும்போது ஒரு வீதி முழுக்க மொட்டை மரங்களாக நின்றன. எனக்கு நெஞ்சு திக்கென்றது. பக்கத்தில் இருந்த இவரின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் இரண்டுபேரும் வன்னியில் இருந்தவர்கள். எங்களுக்கு இலையில்லாத மரம் என்றால் ஷெல் விழுந்த இடம். வட்டில்லாத பனை, கொப்பில்லாத பாலை மரம். மரம் தானாக இலையைக் கொட்டிவிட்டுச் சும்மா நிற்கும், பிறகு துளிர்க்கும் என்பதைப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். கண்ணால் கண்டபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

எங்களுக்கு ஆங்கிலம் படிப்பித்த ரீச்சரிடம் இதைச் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அந்த மரங்களும் இந்த ஊர் மரங்கள் இல்லை" என்றார். நியூசிலாந்தின் சொந்த மரங்களில் பெரும்பாலானவை இலை கொட்டுவதில்லை. குளிர்காலத்திலும் பச்சையாகவே நிற்கும். வீதி ஓரங்களில் மஞ்சளும் சிவப்புமாக மாறி உதிர்கிற ஓக், பிளேன், பொப்லார், லிக்விட்அம்பர் எல்லாம் வெளிநாட்டிலிருந்து வந்தவை. அவை கப்பலில் வந்து இறங்கியபின் பருவத்தை ஆறு மாதம் மாற்றிக்கொண்டு, இந்த ஊர் வெயிலைப் பார்த்து இலை உதிர்க்கப் பழகிவிட்டன. மரத்தால் முடிந்த காரியம் எங்களால் ஏன் முடியாது என்று அப்போது நினைத்தேன். பிள்ளைகள் பிறந்த பிறகுதான் அது எவ்வளவு சிக்கலான காரியம் என்று தெரிந்தது.

இப்போது எங்கள் வீட்டில் இரண்டு பேர். மூத்தவளுக்கு 8 வயது. சின்னவனுக்கு 5. வாடகை வீடு, மவுண்ட் றொஸ்கிலில். பின்வளவு வேலியோரம் ஒரு பீஜோவா மரம்.

பீஜோவாவைப் பற்றி ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்லவேண்டும். முட்டை வடிவில் பச்சையாக இருக்கும். எங்கள் கொய்யாவுக்கும் நாவலுக்கும் இது சொந்தக்காரன், ஒரே குடும்பம். பிறந்த இடம் தென்னமெரிக்கா. ஆனால் நியூசிலாந்துக்காரர் அதைத் தங்கள் வீட்டுப் பிள்ளையாகவே ஆக்கிவிட்டார்கள். பங்குனிக் கடைசியில் விழத் தொடங்கினால் ஆனி மாதம்வரை விழும். மரத்தில் ஏறிப் பறிக்கத் தேவையில்லை. பழுத்தால் தானே கீழே விழும். விழுந்ததைப் பொறுக்கவேண்டும், அவ்வளவுதான். வேலியில்லாத வீடுகளில் வாசலில் பெட்டி வைத்து "இலவசம், எடுத்துக்கொள்ளுங்கள்" என்று எழுதிவிடுவார்கள். விடியப்புறம் பிள்ளைகள் சப்பாத்துக்கூடப் போடாமல் ஈரப்புல்லில் ஓடிப்போய்ப் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். பாதியை வெட்டிக் கரண்டியால் தோண்டிச் சாப்பிடுவோம். மிச்சத்தில் பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ, உப்புப் போட்டு நான் ஒரு சம்பல் அரைப்பேன். இவருக்குப் புட்டோடு அது நல்ல விருப்பம். பக்கத்து வீட்டுச் சமோவா அம்மாவுக்கு ஒரு போத்தல் கொடுத்தால் அவர் தன் பங்குக்குத் தேங்காய்ப்பாலில் செய்த ஏதாவது தருவார்.

எங்கள் வீட்டு இலையுதிர் காலத்துக்கு இந்தப் பழம் பொறுக்குவதுதான் ஆரம்பம். இதற்கு ஐயரும் தேவையில்லை, மண்டபமும் தேவையில்லை.

அடுத்தது மணிக்கூடு. சித்திரை மாதம் முதலாவது ஞாயிறு விடியப்புறம் மூன்று மணிக்கு நாடு முழுக்க மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்குத் தள்ளுவார்கள். முதல்நாள் ஏழு மணிக்குப் பிறகு மறைந்த சூரியன் அடுத்தநாள் ஆறு மணி கழிந்து கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடும். சின்னவனுக்கு இது விளங்காது. "அம்மா, ஆர் சூரியனைக் கெதியாப் படுக்கச் சொன்னது?" என்று கேட்டான். அன்றைக்குப் பின்னேரம் சுவாமித் தட்டில் விளக்கேற்றும் வேலையை அவனிடம் கொடுத்தேன். இருட்டு முந்தி வந்தால் விளக்கும் முந்தி ஏறவேண்டும், அதுதான் காரணம் என்றேன். அது அவனுக்கு நன்றாக விளங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஒருநாளும் மறக்கவில்லை.

நான் சொல்ல வருவது இதைத்தான். காரணம் கண்முன்னால் இருந்தால் பிள்ளை பிடித்துக்கொள்ளும்.

எங்களுடைய பெருநாட்கள் எல்லாம் ஊர் வெயிலையும் மழையையும் பார்த்து வைத்தவை. தைப்பொங்கல் அறுவடைக்கு. உத்தராயணம், சூரியன் வடக்கே திரும்புகிறான் என்று மகிழ்கிறோம். ஆனால் இங்கே சூரியன் வடக்கே போனால் எங்களைவிட்டுப் போகிறான் என்று அர்த்தம். தையில் இங்கே கோடைவெயில், பகல் குறையத் தொடங்கியிருக்கும். தீபாவளி ஐப்பசி மழையில் வரவேண்டும், இங்கே அது வசந்தத்தில் வருகிறது. வெள்ளைக்காரர் பாடும் இதுதான். கிறிஸ்மஸ் கொதிக்கிற வெயிலில் வரும். கடைக் கண்ணாடியில் பஞ்சுப் பனி ஒட்டியிருப்பார்கள். ஈஸ்ரர், வசந்தத்தில் சம இரவு நாளுக்குப் பிறகு வருகிற முழுநிலவை அடுத்த ஞாயிறு. முட்டையும் குஞ்சும் முயலும் வசந்தத்தின் அடையாளங்கள். அது இங்கே இலையுதிர் காலத்தில் வந்து விழுகிறது. ஐப்பசிக் கடைசியில் ஹலோவீனுக்குப் பூசணிக்காய் குடைகிறார்கள். அப்போது இங்கே பூசணிப் பருவமே இல்லை, விலையும் அதிகம். உண்மையான பூசணி அறுவடை சித்திரையில். அந்த நேரம் மலிவாக வாங்கி நான் எரிச்ச கறி வைப்பேன்.

ஆக, தலைகீழாக நிற்பது நாங்கள் மட்டுமில்லை. இந்த நாட்டில் குடியேறிய எல்லோருமே பெருநாளை ஒரு பெட்டியிலும் பருவத்தை இன்னொரு பெட்டியிலும் வைத்திருப்பவர்கள்தான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அந்த அண்ணையின் கோபமும் மற்றவரின் அலட்சியமும் இரண்டுமே தேவையற்றவையாகப் பட்டன.

பருவத்தோடு ஒட்டி நின்றவர்கள் மாவோரி மக்கள். அவர்களுடைய மொழியில் இலையுதிர் காலத்துக்கு ஙாஹுரு என்று பெயர். மூத்தவள் இதைப் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டு வந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நாங்கள் அரிச்சுவடியில் படித்துவிட்டுச் சொல்லுக்கு முன்னால் வைக்கவே இடமில்லாமல் திரிகிற 'ங' இங்கே ஒரு பருவத்தையே தொடக்கி வைக்கிறது. அது கூமரா கிளறுகிற காலம். கூமரா வேறொன்றுமில்லை, எங்கள் வத்தாளங்கிழங்குதான்.

ஈஸ்ரர் விடுமுறையில் பிள்ளைகளைக் கோர்ன்வோல் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனோம். 1901 இல் ஜோன் லோகன் காம்பெல் என்பவர் மக்களுக்கென்று கொடுத்த நிலம். உள்ளே ஆடுகள் மேயும். ஓக் மரங்களின் கீழே கொட்டையும் இலையுமாகக் கிடக்கும். பிள்ளைகள் பை நிறையப் பொறுக்கினார்கள். பிறகு பக்கத்தில் இருக்கிற மாங்காகியேகியே குன்றில் ஏறினோம். அந்தக் காலத்து மாவோரிகள் வெட்டிய படிவரிசைகளும், கூமராவைக் குளிர்காலத்துக்குச் சேமித்து வைத்த குழிகளும் இன்றைக்கும் தெரிகின்றன. "எங்கடை ஊரிலையும் நெல்லுக் கோர்க்காலி இருந்தது" என்று இவர் பிள்ளைகளுக்குச் சொன்னார். அவர் ஊரைப் பற்றித் தானாக வாய்திறப்பது அபூர்வம். அதனால் நான் இடையில் கதைக்கவில்லை.

சொக்லேற் முட்டையையும் வாங்கிக் கொடுத்தேன். எங்கள் வீடு சைவ வீடு. ஆனாலும் ஊரில் எங்கள் பக்கத்து வீட்டு வேதக்காரப் பிள்ளைகளோடு உயிர்த்த ஞாயிற்றுக்குச் சாப்பிட்டு வளர்ந்தவள் நான். சின்னவனிடம், "இது வேற இடத்து வசந்தகாலப் பெருநாள், இஞ்சை வரேக்கை இலையுதிர் காலமாப் போச்சு" என்று சொன்னேன். "எங்களை மாதிரியா?" என்று கேட்டுவிட்டு முட்டையைக் கடித்தான்.

சித்திரை வருடப்பிறப்புக்கு வருவோம். 2025 இல் ஏப்ரல் 14, திங்கட்கிழமை. விசுவாவசு வருடம். பள்ளிக்கூட விடுமுறை என்பதால் வசதியாகப் போனது. இலங்கைக்கும் இங்கேயும் அப்போது ஆறரை மணித்தியால வித்தியாசம். அங்கே விடிவதற்கு முன் பிறந்த வருடம் இங்கே காலையில் பிறந்தது. பஞ்சாங்கத்தில் வாக்கியம், திருக்கணிதம் என்று இரண்டு நேரம் இருக்கும். இங்கே அதோடு மூன்றாவது கணக்கும் போடவேண்டும்.

மருத்துநீருக்குத்தான் பெரும்பாடு. தாழம்பூ, மாதுளம்பூ, வில்வம் என்று நீளுகிற பட்டியலில் இங்கே எது கிடைக்கும்? இலைகுழைகளை ஊரிலிருந்து கொண்டுவரவும் ஏலாது. இந்த நாட்டு விமான நிலையத்தில் ஒரு பழத்தைச் சொல்லாமல் கொண்டுவந்தாலே அந்த இடத்திலேயே 400 டொலர் தண்டம். பழ ஈக்குப் பயப்படுகிற நாடு. அது சரியான பயம்தான். அதனால் யன்னலோரத்துச் சட்டியில் வளர்க்கும் துளசி, கடையில் வாங்கிய மஞ்சள், மிளகு, சுக்கு, பால். இவற்றைக் காய்ச்சி அம்மா சொல்லிக்கொடுத்த மாதிரி தலையில் வைத்தேன். அம்மா போனில் பார்த்துக்கொண்டிருந்தா. "பூவொண்டும் இல்லையே பிள்ளை" என்றா. மூத்தவள் ஓடிப்போய் வளவில் கிடந்த ஒரு சிவப்பு இலையைக் கொண்டுவந்து கிண்ணத்துப் பக்கத்தில் வைத்தாள். அம்மா சிரித்துவிட்டு, "சரி, அதுவும் மருந்துதான்" என்றா.

பின்வளவில் கல் வைத்துப் பொங்கினோம். கோலத்துக்கு அரிசிமாவோடு பூங்காவில் முதலே பொறுக்கி வைத்திருந்த மஞ்சள், சிவப்பு இலைகள். கைவிசேடத்துக்கு ஆளுக்கு இரண்டு டொலர் குற்றி. தேங்காய்ப் போர் அடிக்கலாம் என்று இவர் இரண்டு தேங்காய் எடுத்தார். ஒரே அடியில் இரண்டும் உடைந்துவிட்டன. கடைத் தேங்காய். எல்லாம் சேர்ந்து இரண்டு மணித்தியாலம்கூட இல்லை.

மண்டபத்தில் நடக்கிற விழாக்களுக்கு நான் எதிரியில்லை. அதற்குப் பின்னால் ஓடித்திரிகிறவர்களின் கஷ்டம் எனக்குத் தெரியும். ஆனால் மண்டபம் கிடைக்கிற சனிக்கிழமைக்குத்தான் அங்கே வருடம் பிறக்கும். பிள்ளை மேடையேறி ஆடிவிட்டு, கொத்துரொட்டி சாப்பிட்டுவிட்டுக் காருக்குள் நித்திரையாகிவிடும். அது ஒரு நிகழ்ச்சி. பெருநாள் என்பது வீட்டில் குசினியிலும் வளவிலும் நடக்கவேண்டிய காரியம். வீட்டில் நடந்தால்தான் மண்டபத்தில் நடப்பதற்கும் அர்த்தம் இருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் சந்தோசமான பக்கம். என்னுடைய உண்மையான கேள்வி இனித்தான் வருகிறது.

ஏப்ரல் 25 இங்கே அன்சாக் நாள். 1915 இல் அதே நாளில் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைகள் துருக்கியின் கலிப்போலிக் கரையில் இறங்கின. எட்டு மாதம் அடிபட்டுவிட்டு வெற்றியில்லாமல் திரும்பினார்கள். அங்கே இறந்த நியூசிலாந்துக்காரர் 2,779 பேர். அந்தத் தோல்வியைத்தான் இந்த நாடு 1916 இலிருந்து ஒவ்வொரு வருடமும் நினைவுகூருகிறது. அன்றைக்கு மத்தியானம் ஒரு மணிவரை பெரும்பாலான கடைகள் திறக்கக்கூடாது என்று சட்டமே இருக்கிறது. ஒக்லாந்து நினைவு அருங்காட்சியகத்தின் முன்னால் விடிவதற்கு முன் ஆறு மணிக்கு ஆயிரக்கணக்கானோர் இருட்டில் நிற்பார்கள். கைக்குழந்தையோடு வருவார்கள். தாத்தாவின் பதக்கத்தைப் பேரப்பிள்ளை குத்திக்கொண்டு வரும்.

மூத்தவள் விடுமுறைக்கு முன் பள்ளிக்கூடத்தில் சிவப்புக் கடுதாசியில் பொப்பிப்பூ செய்து கொண்டுவந்தாள். அன்றைக்கு நாங்கள் அன்சாக் விசுக்கோத்துச் சுட்டோம். ஓட்ஸ், தேங்காய்ப்பூ, மா, சீனி, பட்டர், கோல்டன் சிரப். முட்டை போடுவதில்லை, அதனால் கனநாள் கெடாது. தேங்காய்ப்பூ போட்ட விசுக்கோத்து என்பதால் எனக்கு அது அந்நியமாகத் தெரிவதில்லை. தட்டில் உருட்டி வைத்துக்கொண்டிருக்கும்போது அவள் கேட்டாள்:

"அம்மா, செத்துப்போன எங்கடை ஆக்களுக்கும் பூ இருக்கா?"

எனக்குக் கை நின்றுவிட்டது. அவளுடைய சித்தப்பா ஒருவர் படத்தில் மட்டும் இருக்கிறார். அவர் எப்படிப் போனார் என்று நாங்கள் சொன்னதில்லை. "இருக்குது. கார்த்திகைப்பூ. பிறகு சொல்லுறன்" என்றேன்.

அன்றிரவு இவரோடு கதைத்தேன். இவருக்குப் பிடிக்கவில்லை. "அதுகள் நிம்மதியா இருக்கட்டும். நாங்கள் இஞ்சை வந்தது அதுக்குத்தானே" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. தம்பியைப் பறிகொடுத்தவர் அவர். அந்தக் கதையைச் சொல்வதானால் அவர்தான் சொல்லவேண்டும். இதில் நான் அவரைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் பிள்ளையிடம் பூ இருக்கிறது என்று சொல்லிவிட்டேனே.

மே 18 வந்தது. ஞாயிற்றுக்கிழமை. ஒக்லாந்தில் இலையுதிர் காலத்தின் கடைசிப் பகுதி. காலை ஏழு மணி தாண்டித்தான் விடியும், பின்னேரம் ஐந்தரைக்கு முன்னமே இருட்டிவிடும். 2009 இல் அந்த நாளில் நான் எங்கே இருந்தேன் என்பதை இங்கே விபரமாக எழுதப்போவதில்லை. முள்ளிவாய்க்காலில் கடைசி நாட்களில் அரிசியும் தண்ணீரும் உப்பும்தான் கஞ்சி. அதை வாங்க வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பி வரவில்லை. பிறகு மெனிக் பாம் முகாம். கிட்டத்தட்ட 3 இலட்சம் பேரைக் கம்பிவேலிக்குள் அடைத்து வைத்திருந்தார்கள். இவ்வளவு போதும்.

அன்றைக்கு நான் கஞ்சி காய்ச்சினேன். தேங்காய்ப்பால் விடவில்லை. பிள்ளைகளிடம் சொன்னது இதுதான்: "அம்மாவும் அப்பாவும் ஒரு சண்டைக்குள்ளை அகப்பட்டிருந்தம். சாப்பாடு இல்லை. சில பேர் இருந்த அரிசியிலை கஞ்சி காய்ச்சி எல்லாருக்கும் குடுத்தவை. கனபேர் செத்துப் போச்சினம். அவையை நினைச்சு இண்டைக்கு இதைக் குடிக்கிறம்." ஐந்து வயதுக்கும் எட்டு வயதுக்கும் இவ்வளவுதான். ஷெல்லைப் பற்றிச் சொல்லவில்லை. யார் மீதும் கோபப்படச் சொல்லவில்லை. மூத்தவள் சித்தப்பாவின் படத்துக்கு முன்னால் ஒரு கிண்ணம் வைத்தாள். சின்னவன் "சப்பெண்டு இருக்கு" என்றான். உண்மைதான்.

இவர் வேலையால் வந்து, ஒன்றும் கேட்காமல் ஒரு கிண்ணம் எடுத்துக் குடித்தார். "உப்புக் காணாது" என்றார். கொஞ்சநேரம் கழித்து, "அண்டைக்கும் காணாதுதான்" என்றார். மூத்தவள் தகப்பன் பக்கத்தில் போய் இருந்தாள். சித்தப்பாவைப் பற்றி அவர் அன்றைக்கு அவளுக்குச் சொன்னது, அவர் நன்றாக நீந்துவார் என்பது மட்டும்தான். அது எனக்கே தெரியாத விடயம்.

ஊரில் இந்தக் கஞ்சியைக் கொடுப்பதே குற்றமாகிப்போன காலமும் உண்டு. 2024 மே மாதம் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் கஞ்சி காய்ச்சிக் கொடுத்ததற்காகப் பெண்கள் உட்பட நால்வரைப் பொலிஸ் கைதுசெய்தது. யாரும் தடுக்காத ஒரு குசினியில் இருந்துகொண்டு நான் காய்ச்சாமல் விட்டால் அதற்கு என்ன காரணம் சொல்வது?

பிள்ளைகளைத் துக்கத்திலிருந்து காப்பாற்றவேண்டும் என்று சொல்பவர்களுக்கு ஒன்று கேட்கிறேன். எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் ஏற்கனவே துக்கத்தைப் படிக்கிறார்கள். பொப்பிப்பூ என்பது செத்தவர்களின் பூ. அதை ஐந்து வயதுப் பிள்ளைக்குக் கொடுக்க இந்த நாடு பயப்படவில்லை. மற்றவர்களின் இறந்தவர்களுக்குப் பூ வைக்கத் தெரிந்த பிள்ளைக்குத் தன் வீட்டு இறந்தவர்களைத் தெரியக்கூடாது என்றால், அந்தப் பிள்ளை என்ன நினைக்கும்? எங்கள் ஆட்கள் பூவுக்குத் தகுதியில்லாதவர்கள் என்றல்லவா நினைக்கும்?

மறைத்தால் பிள்ளைகள் ஒருநாள் தாங்களே தேடிப்போவார்கள். இதற்கு இந்த நாட்டிலேயே உதாரணம் உண்டு. மாவோரிகளின் நிலத்துக்காக நடந்த போர்களைப் பற்றிப் பள்ளிக்கூடங்களில் பெரிதாகச் சொல்லிக்கொடுக்காமலே கனகாலம் போனது. இத்தனைக்கும் 1863 இல் தொடங்கிய வைக்காட்டோப் போர் ஒக்லாந்துக்குத் தெற்கே கிட்டடியில் நடந்தது. ஒட்டொரொஹங்கா கல்லூரி மாணவர்கள் அந்தப் போர்க்களங்களைப் போய்ப் பார்த்துவிட்டு, 2015 இல் ஆயிரக்கணக்கானோரின் கையெழுத்தோடு நாடாளுமன்றத்துக்கு மனுக் கொண்டுபோனார்கள். அந்தப் போர்களுக்கென ஒரு நினைவுநாள் வந்தது. 2023 இலிருந்து நாட்டின் வரலாறு எல்லாப் பள்ளிக்கூடங்களிலும் பாடமானது. சொல்லுங்கள் என்று பெரியவர்களிடம் கேட்டவர்கள் பிள்ளைகள்.

கடைசியாக ஒரு விடயம். இதை அறிந்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

ஆனி மாதத்தையொட்டி, இலையுதிர் காலம் முடிந்து குளிர் இறுகும்போது, மாவோரிகளுக்குப் புதுவருடம். விடியப்புறம் வடகிழக்கு வானத்தில் மாத்தாரிகி என்ற நட்சத்திரக் கூட்டம் எழும். மாத்தாரிகி வேறொன்றுமில்லை, எங்கள் கார்த்திகை. முருகனுக்குப் பாலூட்டிய ஆறு பெண்கள். இவர்களுடைய ஒரு கதையில் மாத்தாரிகி தாய், அவளுக்கு ஆறு பெண்பிள்ளைகள். கார்த்திகை மாதத்தில் ஊரில் விளக்கீட்டுக்கு வளவெல்லாம் பந்தம் கொளுத்தினோமே, அந்தக் கார்த்திகைதான். மே நடுப்பகுதியில் சூரியன் கார்த்திகையோடு சேர்ந்து நிற்பதால் அந்தக் கூட்டம் யார் கண்ணுக்கும் தெரியாது. ஊரில் அதைத்தான் அக்கினி நட்சத்திரம், கத்திரி வெயில் என்கிறோம். அதாவது மே 18 அன்று கார்த்திகை வானத்தில் இல்லை. ஒரு மாதம் கழித்து இங்கே விடியலில் திரும்பி வருகிறது. அப்போது மாவோரிகள் அந்த வருடம் இறந்தவர்களின் பெயர்களைச் சத்தமாகச் சொல்லி அழைப்பார்கள். இறந்தவரை நினைப்பது, இருப்பதைக் கொண்டாடுவது, வரப்போவதற்கு ஆயத்தமாவது. மாத்தாரிகியில் இந்த மூன்றும் ஒன்றாகத்தான் நடக்கும்.

இந்தப் பெருநாள் ஒருகாலத்தில் கிட்டத்தட்ட மறைந்துபோயிருந்தது. 2000 ஆம் ஆண்டளவில் சில ஊர்களிலும் பள்ளிக்கூடங்களிலும் திரும்பச் செய்யத் தொடங்கினார்கள். ரங்கி மாட்டாமுவா போன்ற அறிஞர்கள் நட்சத்திர அறிவைத் திரட்டி மக்களிடம் கொண்டுவந்தார்கள். 2022 ஜூன் 24 முதல் அது நாட்டின் பொது விடுமுறை. வெளியிலிருந்து ஒருவரும் இவர்களுக்கு அதைக் கொண்டுவந்து கொடுக்கவில்லை. கொஞ்சப்பேர் வீட்டில் விடாமல் வைத்திருந்தார்கள், பிறகு அது வெளியே வந்தது.

2025 இல் மாத்தாரிகி ஜூன் 20. விடியப்புறம் பிள்ளைகளைப் போர்வையால் சுற்றிப் பின்வளவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சிட்டி விளக்குக் கொஞ்சம் ஏற்றினோம். ஊரில் கார்த்திகையில் செய்வதை இங்கே ஆனியில் செய்தோம். பஞ்சாங்கக்காரர் கோபிக்கலாம். மூத்தவள் சித்தப்பாவின் பெயரைச் சொன்னாள். சின்னவன் சொல்ல ஒருவரையும் தெரியாமல், எங்கள் பீஜோவா மரத்தின் கீழே புதைத்த பக்கத்து வீட்டுப் பூனையின் பெயரைச் சொன்னான். நான் திருத்தவில்லை.

அந்த அண்ணையை இனிச் சந்தித்தால் சொல்வேன்: அண்ணை, முயல் முட்டை போடட்டும், பரவாயில்லை. நீங்கள் வீட்டில் பொங்குங்கள். ஏன் பொங்குகிறோம் என்று ஒரு வசனம் சொல்லுங்கள். கஞ்சியும் காய்ச்சுங்கள், உப்புக் குறைந்தாலும் பரவாயில்லை. மற்றவரிடம் சொல்வேன்: தம்பி, நாங்கள் சொல்லாமல் விட்டாலும் பிள்ளை கேட்கும், விசுக்கோத்து உருட்டிக்கொண்டிருக்கும்போது கேட்கும். அப்போது சொல்வதற்கு ஏதாவது ஆயத்தமாக வைத்திருங்கள்.

பின்வளவில் பீஜோவா விழுந்துகொண்டிருந்த ஒரு பின்னேரம் தங்கை கனடாவிலிருந்து எடுத்தாள். "இப்ப அங்கை என்ன காலம்?" என்று வழக்கம்போலப் பகிடியாகக் கேட்டாள். சின்னவன் போனைப் பறித்து, "ஙாஹுரு, சித்தி. பழம் பொறுக்கிற காலம்" என்றான். அவளுக்கு விளங்கவில்லை. அவன் விளங்கப்படுத்தத் தொடங்கினான். நான் குசினிக்குள் போய்விட்டேன்.